சேலையா, ஓட்டமா: எதை விடுவது?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். மண்டபத்தை அடுத்த கடலோரக் கிராமத்தில் வசிக்கிறேன். வயது 36. ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுகிறேன். மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். சிறு வயது முதலே சேலை உடுத்தி அலங்கரித்துக்கொள்வதில் எனக்கு மனநிறைவு உண்டு. நான் ஆண்தான் என்பதில் குழப்பம் எதுவும் இல்லை. மனைவிக்கு இது தெரியும். ஊருக்குள் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே சனிக்கிழமை மாலைகளில் மதுரைக்குச் சென்று, என்னைப் போன்ற கிராஸ்டிரெஸ்ஸர் நண்பர்கள் சிலருடன் பெண்ணுடையில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். இந்த ஆசை மறந்துபோகும் என்று நம்பித்தான் ஓடத் தொடங்கினேன். ஆசை போகவில்லை, ஓட்டமும் பிடித்துப்போய்விட்டது. ஜனவரியில் ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நீண்ட ஓட்டத்திற்கு ஞாயிறு அதிகாலைதான் வாய்க்கிறது. முந்தைய இரவு மதுரையில் இருந்தால் அது கெட்டுவிடுகிறது. இரண்டில் எதை விடுவது? பந்தயத்தைப் பெண்ணுடையில் ஓடலாமா? இரவில் போலீசார் நிறுத்தி விசாரித்தால் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: எதையும் விட வேண்டியதில்லை, தம்பி. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். ஆசையை மறக்க ஓடினேன் என்கிறீர்கள். பெண்ணுடை உடுத்தும் விருப்பம் விரட்டப்பட வேண்டிய நோய் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் முன்பு இடம்பெற்றிருந்த இது தொடர்பான பிரிவுகள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. குலசேகரன்பட்டினம் தசராவில் பெண் வேடமிட்டுக் காணிக்கை கேட்டு வரும் ஆண்களை நம் பக்கத்து மக்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மற்ற நாட்களில் அதே மக்கள் முகம் சுளிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு சனிக்கிழமை சேலை உடுத்தியதற்குத் தண்டனையாக மறுநாள் கூடுதல் தூரம் ஓடும் வழக்கம் உங்களுக்கு இருக்குமானால், அதை இன்றோடு நிறுத்துங்கள். அப்படி ஓடுபவர்களுக்குக் காலில் காயம்தான் மிஞ்சும்.

நேரக் கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு வாரம் இரண்டையும் சமமாகப் பங்கிடப் பார்க்கிறீர்கள். ஆண்டைப் பங்கிடுவதுதான் எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஐஸுக்குக் கேட்பார் இருக்காது. உங்கள் வேலையும் இளகும். அதே மாதங்களில்தான் நம் கடற்கரையில் வெயிலும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது, உடல் குளிராது, நீண்ட தூரம் ஓடுவது உடலுக்குக் கேடு. ஆகவே அந்த இரண்டு மாதங்களை மதுரைக்கு வைத்துக்கொண்டு, விடியுமுன் ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் ஓடுங்கள். தடைக்காலம் முடிந்து, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக வீசும் நாட்களில் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்பினால் களைத்த கால்களுக்கு உதவியாக இருக்கும். அக்டோபரிலிருந்து ஜனவரிப் பந்தயம் வரையிலான மாதங்கள் ஓட்டத்துக்கு உரியவை. அப்போது மதுரைக்கு மாதம் ஒரு சனிக்கிழமை போதும்.

இந்தக் கணக்கில் நீங்கள் ஒருவரைச் சேர்க்கவே இல்லை. சனிக்கிழமை மதுரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் போய்விட்டால், உங்களைப் புரிந்துகொண்டு ஒரே ஒரு நிபந்தனையோடு நிறுத்திக்கொண்ட அந்தப் பெண்ணுக்கும் உங்கள் மகளுக்கும் எந்த நாள் மிஞ்சுகிறது? மாதத்தில் ஒரு சனியும் ஞாயிறும் முழுமையாக வீட்டுக்கு என்று முதலில் குறித்துவிட்டு, மீதமுள்ளவற்றைப் பங்கிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

உடலைப் பற்றியும் சில செய்திகள் உண்டு. உயர்ந்த குதிகால் செருப்பு கெண்டைக்கால் தசையை இறுக்கி, குதிகாலுக்கு மேலுள்ள தடித்த தசைநாணில் வலியை உண்டாக்கும் என்பதால், பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் பிந்தைய வாரமும் தட்டைச் செருப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலைக் கொசுவத்தைச் சற்று ஏற்றிக் கட்டினால் போதும். இடுப்பை இறுக்கும் உள்ளாடையும் விக்கும் நீண்ட ஓட்டம் முடிந்த அன்றே வேண்டாம், ஏனெனில் நீர்ச்சத்து குறைந்த உடம்பு அந்தப் புழுக்கத்தைத் தாங்காது. கால் முடியை மழிப்பதைப் பந்தயத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னரே முடித்துவிடுங்கள். முந்தைய இரவு மழித்த தோலில் உப்பு வியர்வை பட்டால் எரியும். கையில்லாத பனியனோடு வெயிலில் ஓடினால் தோளில் விழும் கறுப்புக் கோடு ரவிக்கையில் அப்படியே தெரியும். முழுக்கைச் சட்டை அணிந்து ஓடினால் அந்தக் கவலை இல்லை, வெயிலுக்கும் அதுதான் நல்லது.

பந்தயத்தைப் பெண்ணுடையில் ஓடுவதைப் பொறுத்தவரை, ஆண் என்று நீங்களே சொல்வதால் ஆண்கள் பிரிவில்தான் பெயர் இருக்க வேண்டும்; உடை மாறுவதால் பிரிவு மாறாது, பெண்கள் பிரிவின் பரிசு பெண்களுக்கு உரியது. ஆண்கள் பிரிவில் பதிந்துகொண்டு பாவாடையோ சேலையோ அணிந்து ஓட விரும்பினால், அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முந்தானை எண் அட்டையை மறைக்காதபடி குத்திக்கொள்ளுங்கள். ஆனால் பல பந்தயங்களில் எண்ணைக் கொண்டு எவரும் படங்களைத் தேடி எடுத்துவிட முடியும். முடிவுப் பட்டியலிலும் பெயர் இருக்கும். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பது மனைவியின் நிபந்தனை என்றால், அந்தப் படம் ஊருக்கு வந்து சேரும் என்பதையும் கணக்கில் கொண்டு அவரிடம் பேசி முடிவெடுங்கள். இம்முறை வழக்கமான ஓட்ட உடையில் ஓடுவதே என் பரிந்துரை.

போலீஸ் பற்றிய அச்சம் புரிகிறது. ஆண் ஒருவர் பெண்ணுடை உடுத்திச் செல்வது நம் நாட்டில் குற்றம் அன்று. ஒருவர் தம் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்களான பால்புதுமையினரைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் வகையில் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளும் 2022இல் திருத்தப்பட்டன. ஆதார் அட்டையை எடுத்துச் செல்லுங்கள்; நிறுத்தினால் உண்மையான பெயரைப் பதற்றமின்றிச் சொல்லுங்கள்; நண்பர்களோடு சேர்ந்தே திரும்புங்கள்.

ஜனவரிப் பந்தயம் முடிந்த வாரத்தில் எப்படியும் ஓடக் கூடாது, கால்களுக்கு ஓய்வு தேவை. அந்த வாரச் சனிக்கிழமையை ஒதுக்கி வைக்கும்படி மதுரை நண்பர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.