ஹெச்.டி.க்குத் தனியாகப் பணம் கட்டுகிறோம், படம் எங்கே கெடுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

43 அங்குல டி.வி. வாங்கி, ஹெச்.டி. பாக்ஸும் போட்டாயிற்று. ஆனாலும் பழைய டி.வி.யில் பார்த்ததைவிடப் படம் மங்கல்தான். முகமெல்லாம் அகலமாகத் தெரிகிறது. டி.வி.யில் கோளாறா?
– வாசகி, திண்டுக்கல்

முதலில் டி.வி.யின் பின்பக்கம் பாருங்கள். பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் உள்ள ஒயர் வந்தால் கோளாறு அங்கேதான். மஞ்சள் ஒயரில் எஸ்.டி. எனப்படும் சாதாரணத் தரப் படம் மட்டுமே போகும். எஸ்.டி. என்பது 720-க்கு 576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஹெச்.டி. 1920-க்கு 1080, இருபது லட்சத்துக்கும் மேல். ஐந்தில் நாலு பங்கு அந்த ஒயரிலேயே போய்விடுகிறது. பாக்ஸ் மாட்ட வருபவர்கள் பழைய ஒயரையே சொருகிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. கையெழுத்துப் போடும் முன் பின்பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று வாங்கி மாட்டுங்கள். சாதாரணக் கேபிளே போதும். தங்க முலாம் பூசியது என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்க வேண்டாம். டிஜிட்டல் சிக்னல் வந்தால் முழுசாக வரும், கெட்டால் புள்ளி புள்ளியாக மின்னும் அல்லது படமே வராது. கேபிளின் விலை கூடினால் துல்லியம் கூடிவிடாது.

பிறகு பாக்ஸின் செட்டிங்கில் வீடியோ அவுட்புட் 576 என்றோ 720 என்றோ இருந்தால் ‘1080 ஐ’ என்று மாற்றுங்கள், இங்கே ஹெச்.டி. ஒளிபரப்பு பெரும்பாலும் அந்த வடிவில்தான் வருகிறது. முகம் அகலமாகத் தெரியாமல் இருக்கத் திரை வடிவத்தை 16:9 என்று வையுங்கள். டி.வி.யின் பிக்சர் சைஸில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் டி.வி. நான்கு ஓரத்தையும் வெட்டி மீதியை இழுத்துப் பெரிதாக்கும். ஷார்ப்னெஸ்ஸை, எழுத்துகளைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு மறையும்வரை குறையுங்கள்.

இன்னொன்று. ஒரே சேனலின் எஸ்.டி.க்கும் ஹெச்.டி.க்கும் தனித்தனி எண். வீட்டில் பழகிய எண்ணையே அழுத்திக்கொண்டிருந்தால், பணம் ஹெச்.டி.க்குப் போகும், பார்ப்பது எஸ்.டி.யாக இருக்கும்.

கிரிக்கெட்டில் பந்து பவுண்டரிக்குப் போகும்போதெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிஷ்ஷை மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டார்கள், மாறவில்லை.
– வாசகர், ஆரணி

கட்டத்தில் இரண்டு வகை உண்டு. பார்த்தே பிரித்துவிடலாம்.

சிக்னல் கெட்டு வரும் கட்டம் எந்தக் காட்சி என்று பார்த்து வராது. செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் திரையில் ஏதோ ஒரு பட்டையில் சதுரங்கள் சிதறும், படம் ஒரு நொடி உறையும், ஒலி ‘டிக்’கென்று அறுபடும். படத்தை அளவுக்கு மீறிச் சுருக்குவதால் வரும் கட்டம் அப்படி இல்லை. பந்தைத் துரத்திக் கேமரா திரும்பும்போது புல்தரை பச்சைக் களிம்பு பூசியது போலாகும். கேமரா நின்றதும் புல் மறுபடி தெரியும். ஒலி கொஞ்சமும் அறுபடாது. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. டிஷ்ஷை இனித் திருப்ப விடாதீர்கள். இருக்கிற நல்ல சிக்னலும் போய்விடும்.

காரணம் இட நெருக்கடி. செயற்கைக்கோளின் ஒரு டிரான்ஸ்பாண்டரில் (சேனல்களை வாங்கித் தரைக்குத் திருப்பி அனுப்பும் கருவி) நொடிக்குச் சுமார் 60 மெகாபிட் தகவல் அனுப்பலாம் என்று வையுங்கள். அதில் எட்டு ஹெச்.டி. சேனல் ஏற்றினால் தலைக்கு ஏழரை. பன்னிரண்டு ஏற்றினால் ஐந்துதான். எம்பெக்-4 என்ற சுருக்கும் முறையில், இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து பேசும் சீரியல் காட்சிக்கு ஐந்து தாராளம். ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு நொடி மாறும் விளையாட்டு, மழை, பூத்தூவல், மேடையில் மினுக்கும் விளக்கு இவற்றுக்கெல்லாம் அது பற்றாது. ப்ளூ-ரே தட்டில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் நெருக்கடி புரியும். இரண்டும் 1080 தான். திரையில் எத்தனை புள்ளி என்பதைச் சொல்லி விற்கிறார்களே தவிர, அந்தப் புள்ளிகளுக்கு எத்தனை மெகாபிட் ஒதுக்குகிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். டி.வி.யில் அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாத பிரேம்களை அது ஊகித்து வரையும். உடைந்த கட்டத்தை வைத்து ஊகித்தால் பந்து இரண்டாகத் தெரியும். எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற, கட்டங்களை மழுப்பும் வசதி இருந்தால் ‘லோ’வில் வையுங்கள். அதற்கு மேல் போனால் முகம் மெழுகாகிவிடும்.

புகார் கொடுக்கும்போது சேனல், தேதி, நேரம் குறித்து, போனில் எடுத்த சிறு வீடியோவோடு கொடுங்கள். ‘ஒலி அறுபடவில்லை, வேகமான காட்சியில் மட்டும் உடைகிறது’ என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். அது இல்லாவிட்டால் மறுபடி டிஷ் திருப்பத்தான் ஆள் வருவார். பக்கத்து வீட்டில் வேறு நிறுவனத்தின் இணைப்பு இருந்தால் அதே ஆட்டத்தை அங்கேயும் பாருங்கள். அங்கே உடையாவிட்டால், குறை உங்கள் நிறுவனம் ஒதுக்கும் இடத்தில். அங்கேயும் உடைந்தால் சேனலிலிருந்தே அப்படி வருகிறது.

ஹெச்.டி. சேனலில் பழைய படம் போட்டால் எஸ்.டி. போலவே இருக்கிறது. இது ஏமாற்றா?
– வாசகர், காரைக்குடி

திரை மூலையில் இருக்கும் சேனல் சின்னத்தைப் பாருங்கள். சின்னம் கூர்மையாகவும் படம் மட்டும் மங்கலாகவும் இருந்தால், கையிலிருந்த எஸ்.டி. பிரதியைப் பெரிதாக்கி ஒளிபரப்புகிறார்கள் என்று பொருள். சின்னமும் சேர்ந்து மங்கினால் உங்கள் பாக்ஸ் செட்டிங்கையோ ஒயரையோ பார்க்க வேண்டும்.

படம் பழையது என்பது மட்டும் காரணமாகாது. 35 மி.மீ. பிலிமில் ஹெச்.டி.க்குப் போதுமான நுணுக்கம் இருக்கிறது. நல்ல நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்தால் 1960-களின் கறுப்பு வெள்ளைப் படத்திலும் புடவையின் நெசவு தெரியும். அந்தச் செலவைச் செய்யாததுதான் குறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017-ஆம் ஆண்டு கட்டண ஆணை, இணைப்புக்கென்று மாதம்தோறும் வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்காக ஒரு ஹெச்.டி. சேனலை இரண்டு எஸ்.டி. சேனலாகக் கணக்கில் வைத்தது. இரட்டையாக எண்ணும்போது படமும் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முழு நியாயம்.

மழை விட்டு இரண்டு நாளாகியும் பாதி சேனலில் ‘சிக்னல் இல்லை’. மீதிப் பாதி துல்லியமாக வருகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பாதி மட்டும் போனதே நல்ல தடயம். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி. என்ற கருவிக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் அது செங்குத்து அலைகளைப் பிடிக்கும், 18 அனுப்பினால் கிடை அலைகளை. இணைப்பில் நீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்தால் வழியில் வோல்ட் குறையும். 18 அனுப்பியது 14 ஆகப் போய்ச் சேர்ந்தால் எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். கிடை அலையில் வரும் சேனல்கள் காணாமல் போகும்.

பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்.என்.பி. முனையில் திருகியிருக்கும் கனெக்டரைக் கழற்றுங்கள். செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை கேபிளை வெட்டுங்கள். ஒரு சாண் வெட்டியும் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலை கறுப்பாகவே இருந்தால் கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான், ஆர்.ஜி.-6 என்ற கேபிள் வகையைக் கேட்டு வாங்குங்கள். புதிய கனெக்டரில் நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. நீண்டால் போதும். வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. மேலே ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிளைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

அதன் பிறகும் பாக்ஸின் சிக்னல் மெனுவில் காட்டும் குவாலிட்டி அளவு குறைவாக இருந்தால் டிஷ் நகர்ந்திருக்கும். 60 செ.மீ. டிஷ் ஒன்றரை டிகிரி சாய்ந்தாலே சிக்னல் ஏறக்குறையப் பாதியாகும். விளிம்பில் அது வெறும் ஒன்றரை சென்டிமீட்டர். கிளாம்ப் நட்டை இறுக்கும்போதே அவ்வளவு நகரும் என்பதால், ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லத்தான் இறுக்க வேண்டும். மொட்டைமாடி ஈரமாக இருந்தால் காயும்வரை ஏறாதீர்கள்.

ஹெச்.டி. சேனல்களில் மட்டும் ஒலி இல்லை.
– வாசகி, ஓசூர்

அந்தச் சேனல்களில் டால்பி என்ற முறையில் வரும் ஒலி உங்கள் டி.வி.க்கோ ஹோம் தியேட்டருக்கோ புரியவில்லை. பாக்ஸின் ஆடியோ அவுட்புட்டை ‘பி.சி.எம்.’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்று மாற்றுங்கள், வந்துவிடும்.