வாளியின் அடியில் கிடக்கும் கறி

கேள்வி: ஐயா, லெந்து காலத்தில் 40 நாளும் கறி, மீன் தொடுவதில்லை. ஆனாலும் எதற்கெடுத்தாலும் சுள்ளென்று கோபம் வருகிறது. கிறிஸ்தவன் நேர்மையோடும் தன்னடக்கத்தோடும் வாழ ஒரு வழி சொல்லுங்களேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சாயர்புரம்

பதில்: முதலில் கணக்கைச் சரிபார்ப்போம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 வரும். ஞாயிறு ஆறையும் தள்ளினால்தான் 40. அந்த ஆறு ஞாயிறும் உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்க மாட்டேன், கேட்டால் சுள்ளென்று வரும்.

அப்புறம் இந்தத் 'தன்னடக்கம்'. 1871-இல் வந்த பழைய வேதாகமத்தில், கலாத்தியர் 5-இல் ஆவியின் கனியை எண்ணும்போது கடைசியாக வருவது 'இச்சையடக்கம்'. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அது 'தன்னடக்கம்' ஆகிவிட்டது. இதைப் பற்றி முன்பு எழுதியபோது மூன்று பேர் சந்தாவை நிறுத்திக்கொண்டார்கள், இன்னும் மூன்று பேர் போனாலும் சரி, மறுபடி சொல்கிறேன். நம் ஊரில் தன்னடக்கம் என்பது மேடையில் மட்டும் புழங்கும் சரக்கு. கிறிஸ்மஸ் விழாவில் நன்றி சொல்ல வருகிறவர் "தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்" என்று மைக்கைப் பிடித்தால், கேக் வெட்ட முக்கால் மணி நேரம் ஆகும். பழைய சொல்லாவது பிழைத்ததா? இச்சை சினிமா சுவரொட்டிக்குப் போய்விட்டது. வாலிபர் முகாமில் இச்சையடக்கம் என்று பிரசங்கியார் ஆரம்பித்ததும், பின்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் இது நமக்கில்லை என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் 'எங்க்ராத்தேயா'. தன்னைத் தன் பிடியில் வைத்திருப்பது.

யூதேயாவையே பிடியில் வைத்திருந்த தேசாதிபதி பேலிக்ஸுக்கு முன்னால் கைதியாக நின்ற பவுல் பேசியது இதைத்தான் (அப்போஸ்தலர் 24). பக்கத்தில் துருசில்லாள். எமேசா ராஜாவின் மனைவியாக இருந்தவளை ஆள்விட்டு மயக்கிக் கட்டிக்கொண்டவன் பேலிக்ஸ் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதிவைத்திருக்கிறார். நீதி, இச்சையடக்கம், நியாயத்தீர்ப்பு என்று பவுல் அடுக்க, அவன் பயந்துபோய் "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டான். வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறமும் அநேகந்தரம் அழைத்துப் பேசினான், பவுல் லஞ்சம் கொடுப்பார் என்ற நம்பிக்கையில். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அத்தனை தரம் பவுலோடு பேசியும், பதவி மாறிப் போகும்போது அவரைக் காவலில் விட்டுவிட்டுத்தான் போனான்.

சரி, பேலிக்ஸை விடுங்கள், என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் அசனத்தில், அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் கோவில் விருந்தில், ஒரு வருஷம் குழம்பு வாளி என் கையில். அன்று காலையிலிருந்து நான் உபவாசம், அதையும் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஆட்டுக்கறிக் குழம்பில் கறி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே எண்ணெயும் கத்தரிக்காயும். முகம் தெரியாதவர் இலை என்றால் கரண்டி மேலாக ஒரு முழுக்குப் போட்டு எழும். மச்சான் இலை வந்ததும் மணிக்கட்டு தானாகத் திரும்பி, கரண்டி அடிவரை போய்த் துழாவி, நெஞ்செலும்போடு வெளியே வரும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பரிமாறுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று சொல்லிவைத்தவன், எங்கள் அசனத்தில் சாப்பிட்டவனாகத்தான் இருக்கவேண்டும். வயிறு அடங்கித்தான் இருந்தது, மணிக்கட்டு அடங்கவில்லை.

வரிசைக் கடைசியில் ஒரு பாட்டி. இலையைப் பார்க்கவில்லை, கரண்டியையும் பார்க்கவில்லை, என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்ததும், "நல்லா கலக்கி ஊத்துப்பா" என்றார். அவ்வளவுதான். அந்தப் பந்தியிலிருந்து, வாளி நிறைந்து வந்ததும் முதல் வேலையாக அடிவரை ஒரு கலக்கு கலக்கிவிட்டுத்தான் ஊற்றினேன். அடுத்த வருஷமும் அப்படியே. மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார்.

கோபத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பக்கம் முடிந்துவிட்டது. எனக்குச் சமயமானபோது எழுதுகிறேன்.