அப்பா பேரில் வீடு, மகன் தலையில் மராமத்துச் செலவு: பத்திரம் முதலில்

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. 1989-இல் அப்பா தன் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டியது. இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. மேல்தளத்தில் நீர் இறங்கி, அம்மா படுக்கும் அறையில் காரை பெயர்ந்து விழுகிறது, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. எட்டு லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. என் கைக்கு வரும் சம்பளம் 36,000. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். மனைவியின் பதினெட்டு பவுனை அடகு வைத்து, மீதிக்கு பெர்சனல் லோன் வாங்கலாம் என்றிருக்கிறேன். அக்காவும் தங்கையும் கல்யாணமாகிப் போனவர்கள். "பின்னால் பங்கு கேட்க மாட்டோம்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறோம் என்கிறார்கள். அது போதுமா? வீட்டுக்குப் பின்னால் அப்பா பேரிலேயே மூன்று சென்ட் காலி மனையும் உண்டு.

பதில்: போதாது. உங்கள் சகோதரிகளின் மனசைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் அவர்களுக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அது அவருடைய சுயசம்பாத்தியம். இல்லாத உரிமையை எப்படி விட்டுக்கொடுப்பது? நாளைக்கு வாரிசாக வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே சொல்கிறது. அந்தத் தாளை நம்பி எட்டு லட்சத்தை இறக்காதீர்கள்.

உங்களுடையது இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா எதுவும் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், அக்கா, தங்கை நால்வருக்கும் சமபங்கு. நீங்கள் போட்ட தளத்திலும் உங்களுக்குக் கால் பங்குதான். "செலவு செய்தது நான்" என்று பாகப்பிரிவினை வழக்கில் வாதாடலாம்; நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம், தள்ளிவிடவும் செய்யலாம். பெற்றவர்கள் வீட்டுக்கு மகன் பாசத்தில் செய்தது என்று எதிர்த்தரப்பு சொன்னால் உங்களிடம் காட்ட என்ன இருக்கிறது?

அடுத்தது அந்தப் பதினெட்டு பவுன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். அது உங்கள் மனைவியின் சீதனம், அவருக்கு மட்டுமே சொந்தம். கணவன் ஆபத்துக்கு எடுத்தாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவன் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மறுபடியும் சொன்னது. கேரளத்திலிருந்து வந்த அந்த வழக்கில், மனைவியின் 89 பவுனுக்காகக் கணவர் 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது. வழக்குக்குப் பயந்து நகையைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. மாமனார் பேரில் இருக்கும் வீட்டுக்கு மருமகளின் நகை போனால், அவருக்கென்று எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இருக்காது. அது நியாயமில்லை.

சரி, பணத்துக்கு எங்கே போவது? வீடு உங்கள் பேருக்கு வந்தால் வட்டி குறைந்த பணத்துக்கு வழி பிறக்கும். வீட்டை அடமானமாகக் கொடுத்து வங்கியில் மராமத்துக் கடன் வாங்கினால், வட்டி பெரும்பாலும் பெர்சனல் லோனைவிடக் குறைவு. தவணைக் காலமும் நீளம், அதனால் மாதத் தவணை உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும். பி.எஃப். பணத்தை வீட்டு மராமத்துக்கு எடுக்க, வீடு உறுப்பினர் பேரிலோ மனைவி பேரிலோ இருவர் பேரிலும் சேர்ந்தோ இருக்க வேண்டும் என்றுதான் 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் 68பி விதி சொல்லி வந்தது. அப்பா பேரில் இருக்கும்வரை அந்த வழியை நம்ப முடியாது. பழைய வருமான வரி முறையில் இருந்தால் மராமத்துக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 வரை கழிவு உண்டு; அதுவும் உரிமையாளருக்குத்தான்.

ஆகவே அப்பாவிடம் பேசுங்கள். வீட்டை உங்களுக்கும், பின்மனையை சகோதரிகள் இருவருக்கும் ஒரே நாளில் செட்டில்மெண்ட் பத்திரமாக (உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தினருக்குச் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிப் பதிவு செய்யலாம். பின்மனைக்குப் போகும் பாதையை அளவோடு இரண்டு பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் 2023 ஜூலை முதல் இத்தகைய குடும்பப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வீடு இருபது லட்சம் பெறுமானால் மொத்தம் 30,000 ரூபாய். பதிவு அன்று சகோதரிகளும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரட்டும். அப்பாவை ஏமாற்றி எழுதி வாங்கினார்கள் என்ற பேச்சுக்குப் பின்னால் இடம் இருக்காது.

அப்பாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் ஆயுள்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்றும், நீங்கள் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்றும் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்கத் தவறினால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் முன் மனுக் கொடுத்து அவர்கள் பத்திரத்தை ரத்து செய்ய வைக்கலாம். அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு வேண்டும். வங்கி கடன் கொடுக்கும்போது அவர்கள் கையெழுத்தையும் கேட்கக்கூடும்.

அப்பாவுக்கு இப்போது எழுத விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்படியானால் நீங்கள் கொடுக்கும் பணத்தை அவர் வாங்கும் கடனாக வையுங்கள்: வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்து, புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் உறுதிச்சீட்டு) எழுதி வாங்குங்கள். அதற்கு மூன்று வருடம்தான் ஆயுள், கெடு முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். அவருக்குப் பின் அந்தக் கடன் சொத்தின் மீதே நிற்கும். பங்கு பிரிக்கும் முன் அதைக் கேட்க முடியும். செலவையும் எட்டு லட்சத்திலிருந்து இறக்குங்கள். தளமும் கம்பியும் இப்போது, டைல்ஸும் பெயிண்டும் அப்புறம்.

இன்னொன்று, அவசரமானது. மராமத்து முடியும்வரை அம்மா அந்த அறையில் படுக்க வேண்டாம். இந்த வாரமே முட்டுக் கொடுத்து, பெயர்ந்த காரையைத் தட்டி இறக்கச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரங்களுக்கு எந்தக் காகிதமும் வேண்டியதில்லை.