சர்க்கரை, ஊசி, பெரியப்பாவின் கால் – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் மருத்துவக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இது என் அப்பாவைப் பற்றி. கோவில்பட்டியில் சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். வயது 62. சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. செக்கப்புக்கு மூன்று நாள் முன்னால் மட்டும் மாத்திரை, சப்பாத்தி, வாக்கிங் எல்லாம் நடக்கும். போன மாதம் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 10.2 சதவீதம். டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கச் சொன்னார். “எனக்கு ஒண்ணும் செய்யல, ஊசின்னா நான் வரல” என்று எழுந்து வந்துவிட்டார். பெரியப்பாவுக்கு ஊசி ஆரம்பித்த ஆறு மாதத்தில் காலை எடுத்தார்கள், அதை வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். தினமும் ராத்திரி போன் போட்டுக் கேட்டால் “போட்டாச்சு” என்கிறார். அம்மா மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது. சண்டை போட்டு ஓய்ந்துவிட்டோம். இப்போது பேப்பர்கூடப் படிப்பதில்லை. கடையை அடைத்துவிட்டு வந்ததும் படுத்துவிடுகிறார். அந்தக் காலத்துப் பி.யு.சி. படித்தவர்தான். எப்படிப் புரியவைப்பது?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

“அதை வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்” என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். உங்கள் அப்பாவுக்குப் புரியாமல் இல்லை. கூடப்பிறந்த அண்ணனுக்கு ஊசி போட்டார்கள், கால் போயிற்று. கண்ணால் பார்த்தது. அவர் நிலையில் இருந்து பார்த்தால் ஊசியை மறுப்பதுதான் காலைக் காப்பாற்றும் வழி.

ஹோவர்ட் லெவந்தால் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். இது என்ன நோய், எதனால் வந்தது, எத்தனை நாள் இருக்கும், என்ன செய்யும், எதற்குக் கட்டுப்படும் என்று ஒவ்வொரு நோயாளியும் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். மருந்து அந்தக் கணக்கில் பொருந்தினால்தான் உள்ளே போகும் என்றார். அவரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட ரத்த அழுத்த ஆய்வு ஒன்று உண்டு. பிரஷர் ஏறுவது யாருக்கும் வெளியே தெரியாது என்று அந்த நோயாளிகள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் “எனக்குத் தெரியும்” என்றார்கள். தலைவலியோ படபடப்போ வந்தால் பிரஷர் என்று எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை அதைக் குறைக்கிறது என்று நம்பியவர்கள் ஒழுங்காகப் போட்டார்கள், மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். “எனக்கு ஒண்ணும் செய்யல” என்று உங்கள் அப்பா சொல்வதும் இதே கணக்குதான். சர்க்கரை ஓரளவு ஏறியிருந்தாலும் உடம்பு ஒன்றும் சொல்லாது. பத்து வருடம்கூடச் சொல்லாமல் இருக்கும்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நீண்டகால நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் அறிக்கை வெளியிட்டது. நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியபின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் வாசல்வரை வந்த மாத்திரை வாய்க்குப் போவதற்கு இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றி நாங்கள் நோயாளிகளிடம் பேசுவதே இல்லை.

என்னிடம் ஒரு தறிக்கார அம்மா வருவார். ஒருமுறை மஞ்சள் பையில் இருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். முதல் அட்டையில் மூன்று குழி காலி, மற்ற அட்டைகள் முழுசாக இருந்தன. ஏன் போடவில்லை என்று கேட்கவில்லை. “எந்த வேளை மாத்திரைம்மா போட முடியல?” என்று கேட்டேன். கொஞ்சநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “காலைல போட்டா பத்து மணிக்குக் கைகாலெல்லாம் உதறுது சார். வேர்த்துக் கொட்டுது. தறிக்குள்ள விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு.” அது தாழ்சர்க்கரை, ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் அப்படித்தான் ஆகும். மருந்தை மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அட்டைகள் காலியாகவே வந்தன. அவர் வேறு ஒரு மருத்துவமனையில் பல மாதம் காட்டியவர். அங்கே போகும்போதெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறார், இந்த உதறலைச் சொல்ல ஒரு தடவைகூட வாய் வரவில்லை.

திட்டினால் மாத்திரை உள்ளே போகாது, உண்மைதான் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அப்பா மூன்று நாள் விரதம் இருந்து டெஸ்டுக்குப் போவது பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளையைப் போலத்தான். அந்த எண் அவருக்கு மார்க் ஆகிவிட்டது. மருத்துவரும் மார்க்காகத்தான் வாசிக்கிறார், வீட்டிலும் அப்படித்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மூன்று நாளில் கொஞ்சம் இறக்கிக் காட்டலாம். மூன்று மாதச் சராசரியிடம் அது செல்லாது. அங்கே பிடிபட்டதும் அவமானம், அதன் மேல் இன்சுலின்.

இன்சுலினைத் தண்டனையாக ஆக்கியது எங்கள் தொழில்தான். “ஒழுங்கா மாத்திரை போடல, அப்புறம் ஊசிதான்” என்று மிரட்டாத மருத்துவர் குறைவு. பிறகு ஊசி எழுதும்போது, நீ தோற்றுவிட்டாய் என்றுதான் நோயாளி காதில் விழும். இந்த மிரட்டலை நிறுத்தினாலே பாதிப் பயம் போய்விடும் என்று உறுதியாக நம்புகிறேன். பிரிட்டனில் இருபது வருடம் நடந்து 1998-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றி ஒன்று தெரிந்தது. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருக்கிறது. எந்தச் சிகிச்சையில் இருந்தாலும் மிச்சமும் வருடா வருடம் குறைகிறது. ஒழுங்காக மாத்திரை போட்டவருக்கும் பத்துப் பதினைந்து வருடத்தில் ஊசி தேவைப்படலாம். இதை அப்பாவிடம் சொல்லுங்கள். “நீங்க தப்புப் பண்ணினதால இல்லப்பா” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் பெரியப்பா கதையைக் கேளுங்கள். முழுசாகக் கேளுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். புண் எப்போது வந்தது, எத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தார், எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போனது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பல வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் மரத்து, ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். முள் குத்தினாலும் தெரியாது. புண் சீழ்பிடித்தபின் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே சர்க்கரையை உடனே இறக்க இன்சுலின்தான் போடுவார்கள். அதாவது கால் ஏற்கனவே கெட்டுப்போன சமயத்தில் ஊசி வந்து சேர்கிறது, பழி ஊசிமேல் விழுகிறது. பெரியப்பாவுக்கும் அப்படித்தானா என்பது அவர் பழைய சீட்டுகளைப் பார்த்தால் தெரியும். நீங்கள் சொல்வதைவிட அப்பாவே தேதிகளை வரிசையாகச் சொல்லிப் பார்க்கும்போது கணக்கு மாறும்.

பேப்பர் படிக்காமல் படுத்துவிடுவது எனக்குக் கவலையாக இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். ஏறிய சர்க்கரையாலும் அசதி வரும், அதனால் நாமாக முடிவு கட்ட வேண்டாம். பிடித்ததில்கூட மனம் போகவில்லையா, தூக்கம் எப்படி, வாழ்க்கை போதும் என்று தோன்றுகிறதா என்று மருத்துவரே நேராகக் கேட்கட்டும். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் வைத்தியம் வேண்டும். அதை விட்டுவிட்டு மாத்திரை அட்டையை எண்ணிப் பயனில்லை.

ராத்திரி போனை நிறுத்தாதீர்கள், மாத்திரைக் கேள்வியை மட்டும் நிறுத்துங்கள். கடை வியாபாரம் கேளுங்கள். அம்மாவையும் அட்டை எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் கடை திறக்குமுன் டீ குடிப்பார் என்றால் மாத்திரை டப்பா அந்த டீ டம்ளர் பக்கத்தில் இருக்கட்டும், எடுப்பது அவர் கையாக இருக்கட்டும்.

ஊசி பற்றிய பேச்சுக்கு அவசரப்பட வேண்டாம். அதற்காகப் பல மாதம் தள்ளிப்போடவும் கூடாது, 10.2 சின்ன எண் இல்லை. இப்போதெல்லாம் பேனா மாதிரி வருகிறது, ஊசிமுனை 4 மில்லிமீட்டர்தான். வாங்கச் சொல்லாமல், கையில் வாங்கிப் பார்க்க மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த செக்கப்புக்கு நீங்கள் லீவு போட்டுக் கூடப் போக முடிந்தால் நல்லது. சர்க்கரைப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். “அப்பாவுக்குக் கால்தான் பயம், பாதத்தைப் பாருங்க டாக்டர்” என்று ஆரம்பியுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், கணுக்கால் நாடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அப்பா செருப்பைக் கழற்றி உட்காருவார் என்றே நினைக்கிறேன். இத்தனை வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த வைத்தியம் அதுதான்.