கலைவாணர் படத்தில் மார்க்கர் கையெழுத்து: நம்பலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகி ஒருவரின் கேள்வி இது. தோட்டத்தில் கிராணியாக இருந்த அவருடைய தாத்தா, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி கணேசன், பத்மினி ஆகியோரின் கையெழுத்துள்ள மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை விட்டுச் சென்றிருக்கிறார். கலைவாணர் படத்தில் கறுப்பு மார்க்கரிலும், சிவாஜி படத்தில் வெள்ளை எழுத்திலும், பத்மினி படத்தில் நீல மையிலும் கையெழுத்து இருக்கிறது. வியாபாரி ஒருவர் மூன்றையும் சேர்த்து 600 வெள்ளிக்குக் கேட்கிறார். கையெழுத்துகள் அசலா, படங்களை எப்படிக் காப்பது என்று வாசகி அறிய விரும்புகிறார்.

பெரும்பாலோர் கையெழுத்தின் வளைவு நெளிவுகளைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நல்லது. ஏனெனில் பழகிய கை எந்த வளைவையும் போட்டுவிடும், ஆனால் மையும் தாளும் தங்கள் காலத்தை எளிதில் மறைப்பதில்லை.

கலைவாணர் காலமானது 1957-இல். கையெழுத்திடும் அளவுக்கு மெல்லிய முனை கொண்ட மார்க்கர்களோ 1960களில்தான் பரவலாயின. ஜப்பானின் பென்டெல் நிறுவனத்தின் சைன் பேனா 1963-இல்தான் வந்தது. ஆகவே அந்தக் கோடு மெல்லிய மார்க்கரில் வரைந்ததுதான் என்றால், அது அவர் கையால் இட்டதாக இருக்க வழியில்லை. தாத்தா ஏமாற்றினார் என்று பொருளல்ல. அபிமானத்தில் வீட்டுப் பிள்ளைகளே பெயரை எழுதிவைப்பதும் உண்டு.

சிவாஜி படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நெகட்டிவின் மேல் ஒளி புகாத மையால் எழுதினால், அந்த எழுத்து அச்சில் வெள்ளையாக விழும். ரசிகர்களுக்கு அனுப்ப மொத்தமாகப் போட்ட படங்களில் இந்த முறை வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட எழுத்து படத்தின் பரப்போடு ஒன்றியிருக்கும். தனி மினுமினுப்போ மேடோ தெரியாது. வெள்ளை மையால் கையால் எழுதியதென்றால், சாய்ந்த ஒளியில் மை மேலே படிந்திருப்பது தெரியும். பூதக்கண்ணாடியில் படம் முழுவதும் ஒழுங்கான சிறு புள்ளிகளாகத் தெரிந்தால், அது புகைப்படமே அல்ல, அச்சகத்தில் அடித்தது.

மூன்றில் எனக்கு நம்பிக்கை தருவது பத்மினி படம்தான். ஊற்றுப்பேனா மை பளபளப்பான தாளில் சீராக ஓடாது. கோடு தொடங்கும் இடத்திலும் திரும்பும் இடத்திலும் தேங்கி அடர்ந்திருக்கும். பால்பாயின்ட் பேனாவானால் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். பத்மினி 2006 வரை வாழ்ந்தவர் என்பதால், பழைய படத்தில் பிற்காலத்தில் அவரே கையெழுத்திட்டிருக்கவும் கூடும். தாளின் பின்புறத்தையும் தடவிப் பாருங்கள்: பிளாஸ்டிக் போல வழுவழுப்பாக இருந்தால், அது 1970களில் பரவலான பூச்சுத் தாளில் எடுத்த மறுபிரதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மையும் தாளும் தேறினாலும், உதவியாளர் நடிகருக்காகக் கையெழுத்திட்டாரா என்ற ஐயம் எஞ்சும். இங்கேதான் சான்றுகள் கைகொடுக்கும். படம் சென்னையிலிருந்து தபாலில் வந்திருந்தால், அந்த உறையையும் அஞ்சல் முத்திரையையும் எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். படம் எப்படிக் கிடைத்தது என்பதைக் குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதிவையுங்கள். நடிகை மலாயா வந்தபோது வாங்கியது என்று யாராவது சொன்னால், சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்னாக்கியுள்ள தமிழ் முரசு பழைய இதழ்களில் அந்த வருகையைத் தேடிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், படத்திற்கு முதல் எதிரி பூஞ்சைக் காளான். ஈரப்பதத்தை 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் கேமரா டிரை கேபினட் சிறந்தது. இயலாவிட்டால் காற்றுப் புகாத பெட்டியில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போது மாற்றுங்கள். பசை ஒட்டும் ஆல்பமும் பி.வி.சி. உறையும் வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் உறை போதும். லேமினேட் செய்யவே கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஏற்கெனவே சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம் இருந்தால் இழுக்காமல் அப்படியே விடுங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால், 600 டி.பி.ஐ. ஸ்கேன் எடுத்து, பிரதியை மாட்டுங்கள்.

வியாபாரியிடம் மூன்றையும் ஒரே விலையில் பேச வேண்டாம். மூன்றில் ஒன்றுக்காகவே மற்ற இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். பத்மினி படத்துக்கு மட்டும் என்ன தருவீர்கள் என்று தனியாகக் கேளுங்கள்; படத்தைப் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று எடுத்துச் செல்ல விடாதீர்கள்.