நாரி உளைவுக்கு இலக்கம் இல்லை

அன்புள்ள ஐயா,

நான் கொக்குவிலைச் சேர்ந்தவள். மொறட்டுவையில் பொறியியல் படித்துவிட்டு ஏழு ஆண்டுகளாகக் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிப்பது என் வேலை. எங்கள் பிரிவில் 11 பேர் இருந்தோம், இப்போது 4 பேர். மீதிப் பேர் செய்ததைச் செயற்கை நுண்ணறிவு செய்கிறது.

கனடாவில் நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்திருக்கிறது. வரும் தை மாதம் ரொறன்ரோ போகிறேன். அங்கே இருக்கும் அத்தான் என்னைக் கைரோபிராக்டிக் படிக்கச் சொல்கிறார். "முதுகெலும்பைக் கையால் நெட்டி முறித்துச் சரிசெய்கிற தொழில், எந்த இயந்திரமும் அதில் கைவைக்க முடியாது" என்கிறார். எனக்கு வயது 31. இனிமேல் படிக்கலாமா? இந்தத் தொழில் நிலைக்குமா? பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடலாமா, நம் சனங்கள் மதிப்பார்களா?

பின்குறிப்பு: அம்மம்மாவின் நாரியை நீவிவிட்டு வளர்ந்த பிள்ளை நான். அதனால் இது எனக்குப் பொருந்துமோ என்று ஒரு நினைப்பு.

ந., கொக்குவில்

அன்புள்ள பிள்ளை,

அந்தப் பின்குறிப்பு இல்லாவிட்டால் உமக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். அம்மாவின் ஆட்டைத் திவசம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது. அவருடைய கடைசிப் பத்து ஆண்டுகளும் நாரி நோவுடனேயே கழிந்தன. திவசத்தன்று அவர் சாய்ந்திருக்கும் திண்ணைத் தூணைப் பார்த்தபோது தொடங்கிய நினைவு இன்னும் விடவில்லை. அந்த நேரத்தில்தான் உமது கடிதம் வந்தது.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். கனடாவில் கைரோபிராக்டிக்கை ஆங்கிலத்தில் படிப்பதென்றால் ரொறன்ரோவில் 1945 இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மொழியில் படிக்கலாம். ரொறன்ரோவில் நான்கு ஆண்டுப் படிப்பு. சேர்வதற்குக் குறைந்தது மூன்று ஆண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும், அது உம்மிடம் இருக்கிறது. முடித்த பின் உரிமப் பரீட்சைகள். 36 வயதளவில் தொழில் தொடங்குவீர், அது ஒன்றும் பிந்திய வயதில்லை. ஆனால் ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி 2004 இல் இந்தச் சிகிச்சைக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது. நோயாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும், அல்லது அவரது வேலையிடக் காப்புறுதி கொடுக்க வேண்டும். ஒரு கடை நடத்துகிறவரின் தலையிடி முழுவதும் உமக்கும் இருக்கும். அத்தான் இதைச் சொன்னாரா?

டொக்டர் என்று போட ஒன்ராறியோச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தக் கேள்வியை இனி வேறு யாரிடமும் கேட்காதேயும். நோவோடு வந்து குப்புறப் படுத்திருக்கிறவருக்கு உமது பெயர்ப்பலகை தெரியாது.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டது எனக்குக் கோபத்தையே தந்தது. 2016 இல் ஜெஃப்ரி ஹின்டன், நீர் போகிற அதே ரொறன்ரோவில் இருந்துகொண்டு, எக்ஸ்ரே, ஸ்கான் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் கதிரியக்க வைத்தியர்களை இனிப் பயிற்றுவிப்பதை நிறுத்துங்கள், ஐந்து ஆண்டுகளில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்றார். பத்து ஆண்டுகள்கூட ஆகலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். செயற்கை நுண்ணறிவுத் துறைக்கே தந்தை போன்றவர், 2024 இல் நோபல் பரிசும் பெற்றவர். ஐந்து ஆண்டுகள் கடந்தும் வைத்தியசாலைகள் கதிரியக்க வைத்தியர்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன. மறுபக்கம், உமது அத்தான் இயந்திரத்தால் முடியாது என்று சொல்லும் தொடுகைக்கும் அமெரிக்காவில் இயந்திரக் கைகள் வந்து மசாஜ் செய்துகொண்டிருக்கின்றன. ஆகவே இயந்திரம் நுழையாத மூலை எது என்று தேடித் தேடி ஒதுங்கினால், ஒவ்வொரு மூலையாக ஓடிக்கொண்டே இருப்பீர். பயந்து தெரிந்தெடுத்த தொழிலை முப்பது ஆண்டுகள் செய்வது பெரிய தண்டனை. அதை உமக்கு நீரே விதித்துக்கொள்ள வேண்டாம்.

இந்தத் தொழிலைத் தொடங்கியவரும் ஊர்விட்டுப் போனவர்தான். டி. டி. பாமர் இன்றைய ஒன்ராறியோவில் 1845 இல் பிறந்து, 1865 இல் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், தேனீ வளர்த்தார், பலசரக்குக் கடை வைத்தார். 1895 இல் டாவன்போர்ட் நகரில், கட்டடத்தைத் துப்புரவாக்கும் ஒரு தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி அவரது செவிட்டுத்தன்மையை நீக்கியதாகச் சொன்னார். கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் வேர் முள்ளந்தண்டில்தான் என்று நம்பினார். அதை நீர் நம்ப வேண்டாம். நாரி நோவுக்கு இந்தக் கைமுறை ஓரளவு உதவும். அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், மருந்துக்கு முன் செய்து பார்க்கக்கூடிய முறைகளில் ஒன்றாக இது இருக்கிறது. அதற்கு மேலே, குழந்தையின் ஆஸ்துமாவையும் காதுக்குத்தையும் முதுகை முறித்து மாற்றலாம் என்று யாராவது படிப்பித்தால் எழுந்து வெளியே வாரும்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

அம்மாவும் நானும் ஸ்காபரோவில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே நோக் கூடியதால் அப்படியொரு நிலையத்துக்கு அழைத்துப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத்தாள் அவர் அசையும்போதெல்லாம் சரசரத்தது. ஏதாவது கிழிந்துவிடுமோ என்று பயந்து அசையாமல் கிடந்தார். மொழிபெயர்க்கத் தம்பியின் மகன், 14 வயது. எப்படி நோகிறது என்று கேட்டார்கள்.

அம்மா சொன்னார்: "காலையில் எழும்பும்போது பிடிப்பு. நாலு அடி உலாவினால் விடும். பின்னேரம் உளைவு. இரவில் படுத்தால் இடது காலால் ஒரு இழுவை இறங்கும், பிறகு பெருவிரல் விறைத்துவிடும்."

பிள்ளை ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டான், முதுகு வலிக்கிறதாம் என்று.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவனிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். பிறகு, நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு இலக்கம் கேட்டார்கள். "அப்பம்மா, ஒரு இலக்கம் சொல்லுங்கள்" என்றான். "உளைவுக்கு ஏது ராசா இலக்கம்?" என்றார் அம்மா. அவனே ஐந்து என்று சொல்லிவிட்டான். குப்புறக் கிடத்தி அழுத்தினார்கள். எலும்பு நெட்டி முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா இரண்டு நாள் எழும்பவில்லை.

நான் அந்த அறையின் மூலையில்தான் இருந்தேன். என் ஆங்கிலம் அந்த இடத்துக்குப் போதாது என்று கூசி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மா சொன்னதைத் திரும்பப் படித்துப் பாரும். பிடிப்பு, உளைவு, இழுவை, விறைப்பு. நாலும் நாலு நோ. உலாவினால் விடுகிற பிடிப்பு தசையையும் மூட்டையும் காட்டுகிறது. காலால் இறங்கும் இழுவையும் பெருவிரல் விறைப்பும் நாரியின் ஐந்தாவது முள்ளெலும்பின் அருகே வெளிவரும் நரம்பு நசிகிறது என்று சந்தேகிக்கச் சொல்லும். எழுதப்படிக்க மட்டும் தெரிந்த ஒரு மனுசி, எந்த நரம்பு என்பதுவரை கட்டிலில் கிடந்தபடியே சொல்லிவிட்டார். கேட்கத்தான் ஆள் இல்லை. எரிவு என்றும் குடைச்சல் என்றும் கடுப்பு என்றும் தெறிப்பு என்றும் நம் கிழவிகள் சொல்வதை எல்லாம் புலம்பல் என்று நினைக்கிறார்கள். படுத்தாலும் ஆறாமல் இரவில் கூடும் குடைச்சல் எலும்புக்குள் இருக்கும் பெரிய வருத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். கவட்டைச் சுற்றி விறைப்பு, சிறுநீர் போகவில்லை என்று ஒருவர் சொன்னால், அவரைத் தொடாமல் அந்த நிமிடமே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். "வலி" என்ற ஒற்றைச் சொல்லில் இவ்வளவும் அழிந்து போகிறது.

எனக்கு 11 வயதில் மாமரத்தால் விழுந்து மணிக்கட்டு விலகியது. முறிவு நெறிவு பார்க்கும் பரியாரியார் ஒருவரிடம் அம்மா கொண்டுபோனார். அவர் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் தொடவே இல்லை. "குத்துகிறதா, கடுக்கிறதா? விரலுக்குத் தெறிக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் எலும்பின் ஓரமாகத் தடவிக்கொண்டு போனார், இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி. எந்த மாங்காய்க்கு ஏறினாய் என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது இழுத்துவிட்டார். புக்கை கட்டி அனுப்பினார்.

அதே திண்ணையில் நான் கட்டு மாற்றப் போன ஒரு நாள், சாரத்தால் விழுந்த மேசன் ஒருவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். பரியாரியார் அவரைக் கால்விரல்களை ஆட்டச் சொன்னார். ஆடவில்லை. உடனே எழுந்து தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் தொட மாட்டேன். கதவுப்பலகையில் கிடத்தி, அசைக்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்றார். வந்தவர்கள் கெஞ்சினார்கள். அவர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. எல்லாப் பரியாரிமாரும் அப்படி இருந்ததில்லை. இறுக்கிக் கட்டி விரல் கறுத்துப்போன பிள்ளைகளையும் இந்த ஊரில் கண்டிருக்கிறேன்.

உமது வீட்டிலிருந்து மானிப்பாய் சைக்கிள் தூரம். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அங்கே நம் பிள்ளைகளுக்கு வைத்தியம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடிப் போய்விடுவதைக் கண்டு, தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். அவரிடம் படித்து வெளிவந்தவர்கள் 60 பேருக்கும் மேல். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று பெயர் வைத்தார். ஊரில் தங்கி ஊர்ச் சனத்தைப் பார்க்கிற வைத்தியன் வேண்டும் என்பது அவரது எண்ணம். நோயாளி எந்த மொழியில் நோகிறாரோ அந்த மொழியில் வைத்தியம் தெரிய வேண்டும் என்பதை, கடல் கடந்து வந்த அந்த மனிதர் விளங்கிக்கொண்டார்.

நீர் போவதை நான் குறை சொல்லவில்லை. நீர் போகிற இடத்திலும் நம் சனம் இருக்கிறது. 1983க்குப் பிறகு போய், உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரண்டு வேலை செய்து நாரியைத் தேய்த்தவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளை "வலி" என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறான். கைரோபிராக்டிக் படியும், அல்லது பிசியோதெரபி படியும், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஒரு கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு வாரும். அம்மம்மாவின் நாரியை நீவிவிடும்போது எப்படி நோகிறது என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல் ஒரு கொப்பியில் எழுதி எனக்கு அனுப்பும். காலையில் எப்படி, பின்னேரம் எப்படி, படுத்தால் எப்படி என்று தனித்தனியாகக் கேளும். பெருவிரல் விறைக்கிறதா என்றும் மறக்காமல் கேளும்.