தேவனாம்பட்டினம் கடலில் கோமாளி மீன் இருக்குமா? ஆண் மீன் பெண்ணாக மாறும் என்கிறார்களே, உண்மையா?

கரையில் நின்று எட்டிப் பார்த்தால் தென்படாது. பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கடலூர்க் கரையோர நீர் கலங்கலானது. பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். அதனால் பவளப்பாறை இங்கே வளர வழியில்லை. பாறையோடு சேர்த்துப் பார்க்க மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும்.

உண்மையில் இந்த மீனின் வீடு பவளம் அல்ல, கடல் சாமந்தி. பெயர்தான் பூ, ஆள் விலங்கு. நீரோட்டத்தில் நெளியும் அதன் நீட்சிகள் முழுக்கக் கொட்டும் செல்கள். வேறொரு சிறு மீன் உரசினால் கதை முடிந்தது. கோமாளி மீனை அதன் உடல்மேல் உள்ள வழவழப்பான படலம் காக்கிறது. சாமந்திக்குப் புதிதாக வரும் மீன் சட்டென்று உள்ளே பாய்வதில்லை. வாலால், வயிற்றால் என்று தொட்டுத் தொட்டு விலகிப் பழகிய பிறகே குடியேறும்.

பால் மாறுவதும் உண்மைதான். ஒரு சாமந்தியில் உருவில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை பருவமடையாதவை. பெண் இறந்தால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். சிறியவற்றில் பெரியது ஆணாகும். முட்டைகளைத் துடுப்பால் விசிறிக் காவல் காப்பது பெரும்பாலும் அப்பாதான், பாராட்டத்தான் வேண்டும்!

கடலூர் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்திருக்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்கு வாங்குவதாக இருந்தால் கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, இப்படி வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்.